ஓடும் பஸ்ஸிலிருந்து பார்த்தவர்கள்

கூட்டுரோட்டுப் பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தினால் டியூபில் எங்கே ஓட்டை என்பது தெரியும். ஓட்டி வந்தவனிடம் எங்கே ஓட்டை என்பதும் அதற்கு முன்பே தெரிந்துவிடும்.

“இது ரோட்டுல கிடக்கிற முள்ளு இல்லையே தம்பி, வேலி முள்ளு. வேலியோரமா வண்டிய நிறுத்திட்டு யாரை எட்டிப் பார்த்துக்கிட்டிருந்தே?”

கேட்கப்பட்ட தம்பி காது சிவந்து, சாலையின் இரண்டு பக்கமும் பார்ப்பான். பஞ்சரம்மா சிரிக்கமாட்டாள். தண்ணீர்த் தொட்டியில் டியூபை முக்கி எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, அது காய்வதற்காக ஊதிக்கொண்டே, “அந்தப் பொண்ணோட அண்ணன் நேத்துதான் லாரி டயர் மாத்த வந்தான். கை ரெண்டும் உலக்கை மாதிரி. பார்த்து நடந்துக்கோ” என்பாள்.

ஊரில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. கணவர் இருந்தபோது அவர் பஞ்சர்க்காரர், இவள் பஞ்சர்க்காரர் சம்சாரம். ஒரு நாள் டிராக்டர் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை. அந்த வாரம் முடிவதற்குள் அவருடைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு இவள் கடையைத் திறந்துவிட்டாள். ஒரே மகள் அப்போது பள்ளிக்கூடப் பையை இரண்டு கையாலும் தூக்குகிற வயதில் இருந்தாள். பார்க்க வந்த உறவுக்காரர்கள், “பொம்பளை எப்படி லாரி டயரைக் கழட்டுவே?” என்று மூக்கைச் சிந்தினார்கள். “ஆம்பளைங்க கழட்டற மாதிரிதான், கொஞ்சம் சீக்கிரமா” என்றாள் அவள்.

தகரக் கூரை, ஆள் உயரத்துக்கு அடுக்கிய பழைய டயர்கள், எப்போதும் இருமிக்கொண்டே காற்றடிக்கும் ஒரு கம்ப்ரசர். கடைக்குப் பின்னால் ஒரே அறை. அதில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, வயல்களைப் பார்த்த ஜன்னல். தாயும் மகளும் அங்கேதான் வாழ்ந்தார்கள், தினமும் சண்டை போட்டுக்கொண்டு, தினமும் ஒரே போர்வைக்குள் தூங்கிக்கொண்டு.

அந்த மகளுக்கு ஊர் வைத்த பெயர் ஹாரன். ஆள் வருவதற்கு முன்னாலேயே குரல் வந்துவிடும் என்பதால். எதிரே, சாலையின் அந்தப் பக்கம், டெய்லர் கடை. டெய்லருக்கும் ஒரே பிள்ளை. பெற்றெடுத்த கையோடு மனைவி கண்ணை மூடிவிட, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டி அவரே வளர்த்த பையன். காற்றடித்தால் பறந்துவிடுவான் போலிருந்ததால் அவனுக்கு ஊசி என்று பெயர். ஹாரனும் ஊசியும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனார்கள், ஒன்றாகத் திரும்பினார்கள், சாலையின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் கேலி செய்து கத்தினார்கள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

அவளுக்குப் பதினேழு வயது, அவனுக்கு ஒரு வயது கூட. ஒரு விடுமுறை மதியம் டெய்லரின் மொபெட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள். மலையோரச் சாலையில், டவுனை நோக்கிப் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள் இல்லை.

ஐயோ, அடுத்த சில நாட்களை என்னவென்று சொல்வது! டயர் கழற்றும் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பஞ்சரம்மா சாலையைக் கடந்து போனாள்.

“உன் பையன் என் பொண்ணை இழுத்துட்டு ஓடிட்டான்யா!”

“உங்க பொண்ணு சும்மா வருமா? என் பையனை அதட்டிக் கூட்டிட்டுப் போயிருக்கும்! வண்டியும் என்னோடது!”

“பொண்ணு போயிடுச்சேன்னு நான் கத்தறேன், இவருக்கு வண்டி கவலை!”

போலீஸ் வந்தது. வயல், கிணறு, புதர் எல்லாம் தேடினார்கள். கல் உடைக்கிறவர்கள் விட்டுவிட்டுப் போன பழைய குவாரி ஒன்று மலையோரச் சாலையை ஒட்டித் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. அதையும் பார்த்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் பஞ்சர் கடை மூடிக்கொண்டது. முதலில் அரைக் கதவு, பிறகு முழுக் கதவு. சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. யார் தட்டினாலும் பதில் இல்லை.

டெய்லர் தன் மிஷினில் உட்கார்ந்தபடி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவதற்காகவாவது அவள் வெளியே வரமாட்டாளா என்றிருந்தது. ஒரு நாள் நூல் வாங்க டவுனுக்குப் போனவர், திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் தன் கடைக்குப் போகவில்லை. நேராகப் போய் அந்தக் கதவை இரண்டு கையாலும் அறைந்தார்.

“பார்த்துட்டேன்! ரெண்டு பேரையும் பார்த்துட்டேன்!”

கதவு திறந்தது.

“பஸ்ல வந்துக்கிட்டிருந்தேன். சந்தைத் தெருவுல கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்து போறாங்க. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கறதுக்குள்ள கூட்டத்துல காணோம்.”

“நல்லா இருக்காளா?”

“சிரிச்சுக்கிட்டே போச்சு.”

பஞ்சரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். குடிக்க ஏதாவது வேண்டும் என்றாள். டெய்லர் ஓடிப்போய் டீ வாங்கி வந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “அப்ப நீங்க எனக்கு சம்பந்தி” என்றாள்.

அவர் பார்த்தது சந்தைத் தெருவையும் இல்லை, பிள்ளைகளையும் இல்லை. அந்த மூடிய கதவைத்தான்.

போலீஸுக்கும் செய்தி போயிற்று. ஓடிப்போன ஜோடி, உயிரோடு இருக்கிறார்கள், இனி நமக்கென்ன வேலை என்று அவர்கள் போய்விட்டார்கள். குவாரித் தண்ணீரை யாரும் கலக்கவில்லை.

டெய்லர் சொன்னது பொய் என்று ஊருக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை. அவர் முகம் பொய் சொல்லப் பழகிய முகம் இல்லை. ஆனால் பஞ்சரம்மா மறுபடி கடையைத் திறந்து, மறுபடி எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள். அதைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்? டெய்லர் சொன்னதன் தெம்பு குறைந்து அவள் முகம் வாடத் தொடங்கிய சமயத்தில், தபால்காரர் தங்கையைப் பார்க்க வெளியூர் போய் வந்தார். “அக்கா, உங்க பொண்ணைப் பார்த்தேன். பஸ்ல போயிட்டிருந்தேன், பேச முடியலை” என்றார். அன்றைக்கு அவருடைய சைக்கிளுக்குக் காற்று இலவசம்.

அதற்குப் பிறகு அது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. வெளியூர் போகிறவர்கள் வீட்டுக்கு ஏதாவது வாங்கி வருவதைப்போல, பஞ்சரம்மாவுக்கு ஒரு ‘பார்த்தேன்’ கொண்டுவருவார்கள். வெறுங்கையோடு வந்து கூட்டுரோட்டில் இறங்க யாருக்கும் கால் வராது. அதில் ஒரு நியதியும் இருந்தது. தூரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். பக்கத்தில் பார்த்தால், ஏன் பேசவில்லை, ஏன் கூட்டி வரவில்லை என்று கேள்வி வரும்.

பொய்கள் பெருகப் பெருக, ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமே? அந்தப் பொறுப்பு டெய்லர் தலையில் விழுந்தது. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் முதலில் சட்டைக்குப் பட்டன் தைக்க வந்ததுபோல அவர் கடைக்குள் நுழைந்துவிட்டுத்தான் சாலையைக் கடப்பார்கள்.

“அண்ணே, இப்ப எத்தனை குழந்தைங்க?” என்று குசுகுசுப்பார் பஸ் டிரைவர்.

“ரெண்டு. ரெண்டும் பொண்ணு.”

“ஊசிக்கு என்ன வேலை?”

“துணிக்கடையில. போன மாசம் மேனேஜராயிட்டான்.”

“அடேயப்பா! யாரு ஆக்கினா?”

“தபால்காரர் ஆக்கிட்டாருப்பா. என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?”

இப்படியாக, ஊர் கூடி ஒரு குடும்பத்தை வளர்த்தது. ஹாரனுக்குக் கொஞ்சம் சதை போட்டது. ஊசிக்கு முன்மண்டையில் முடி கொட்டியது. மூத்த பெண்ணுக்குத் தாய் ஜாடை, சின்னவள் அப்பாவைப்போல ஒல்லி. ரொட்டிக் கடைக்காரர் ஒருவர்தான், டெய்லரிடம் கேட்காமல் நேரே போய், “உங்க பேரன் தோள்மேல உக்கார்ந்துட்டுப் போறான்க்கா” என்று உளறிவிட்டார்.

பஞ்சரம்மா கம்பியைக் கீழே போட்டாள். “பேரனா? எப்பப் பொறந்தான்?”

ரொட்டிக் கடைக்காரருக்கு வியர்த்தது. “தோள்ல உக்கார்ற அளவுக்கு இருந்தான்க்கா.”

அவள் சாலையைக் கடந்துபோய்ப் போட்ட சத்தத்தில் தையல் மிஷினே நின்றுவிட்டது. “பேரன் பொறந்து தோள்ல ஏறி உக்கார்ற வரைக்கும் மறைச்சு வச்சிருக்கீங்களே சம்பந்தி! பையனைப் பெத்தவருன்னு இவ்வளவு திமிரா?”

“சத்தியமா எனக்கே இப்பத்தான் தெரியும் சம்பந்தியம்மா!” என்றார் டெய்லர். அன்று அவர் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான். பல நாட்கள் அவள் அவரோடு பேசவில்லை. பேரன் இருந்துவிட்டுப் போகட்டும் என்று கடைசியில் ஊரே ஒப்புக்கொண்டது.

சம்பந்தி உறவு என்றால் சும்மாவா? ஞாயிற்றுக்கிழமை அவர் இவள் கையால் சாப்பிடுவார், உப்பு சரியில்லை என்பார். காய்ச்சல் வந்தால் இவள் போய்க் கஞ்சி வைத்துக் கொடுத்து, “இந்த உடம்பை வச்சுக்கிட்டு என் பேத்திங்களை எப்படித் தூக்குவீங்க?” என்று ஏசுவாள். அவர் அவளுடைய காக்கிச் சட்டையைப் பிரித்துப் பிரித்துத் தைத்துக் கொடுப்பார். இருவருக்கும் வேறு நாதி இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சாலையும், இல்லாத மூன்று குழந்தைகளும் இருந்தார்கள்.

இருபது வருடங்களுக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது.

ஒரு நாள் முற்பகல், முன் டயர் தட்டையாகிப்போன போலீஸ் ஜீப் ஒன்று கடைமுன் வந்து நின்றது. இறங்கியவள் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். சின்ன வயசு. தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு டயர்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“மேடம், அதுல உக்காராதீங்க. கரி ஒட்டும்.”

“ஒட்டட்டும்மா. காலையில இருந்து நின்னுக்கிட்டே இருக்கேன்.”

பஞ்சரம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஜாக்கியைப் போட்டுக்கொண்டே கல்யாணம் ஆகிவிட்டதா, மாமியார் எப்படி, சம்பளத்தை யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்று எல்லாவற்றையும் விசாரித்து முடித்தாள். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்ன இன்ஸ்பெக்டர் கடைசியில் சொன்னாள்:

“நான் டயருக்காக மட்டும் வரலைம்மா. முடியாம கிடக்கிற பழைய கேஸையெல்லாம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்காங்க. உங்க பொண்ணு கேஸும் எங்கிட்டதான் வந்திருக்கு.”

ஸ்பானர் ஒரு நட்டின்மேல் நின்றது. “அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. எல்லாரும் பார்த்திருக்காங்களே.”

“ஆமா, ஊர்ல பாதிப் பேரு பார்த்திருக்காங்க. நானும் இந்த வாரம் முழுக்க ஒவ்வொருத்தரா கேட்டுட்டேன். குழந்தைங்க போட்டிருந்த செருப்பு வரைக்கும் சொல்றாங்க.” இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினாள். “ஆனா அந்த மொபெட்டை மட்டும் ஒருத்தர்கூடப் பார்க்கலை. ஆளு ஒளிஞ்சுக்கலாம்மா. வண்டி எங்க போச்சு?”

உண்மைதான். மகளுக்கு வீடு கொடுத்தார்கள், மருமகனுக்கு வேலை கொடுத்தார்கள், மூன்று குழந்தைகளைக் கொடுத்தார்கள். போன வண்டியை அந்த ஊரில் அத்தனை பேரும் மறந்துபோனார்கள். அத்தனை வண்டிகள் வந்துபோகிற கடையில், அதைக் கேட்க வேண்டும் என்று அவளும் மறந்திருந்தாள். அல்லது மறந்தே இருக்கட்டும் என்று விட்டிருந்தாள்.

“அந்தக் குவாரித் தண்ணியை இறைச்சுப் பார்க்கணும்னு நினைக்கிறேன்” என்றாள் இன்ஸ்பெக்டர். “ஆனா மேலதிகாரி விடமாட்டேங்கறார். உயிரோட பார்த்ததா இத்தனை பேரு சொல்றப்ப குட்டையில எதுக்குத் தேடறேன்னு கேக்கறார். அவங்க பார்க்கலைன்னு சொன்னாத்தான் எனக்கு மோட்டார் கிடைக்கும். ஒருத்தரும் மாத்திச் சொல்லமாட்டேங்கறாங்கம்மா. உங்க மூஞ்சியை எப்படிப் பார்க்கிறதுன்னு பயம்.”

பஞ்சரம்மா டயரை மாட்டி, நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள். ஜீப் போன பிறகும் ஜாக்கியை எடுத்து வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

எந்தத் தாய்க்கும் வரக்கூடாத சோதனை அது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் மகள் கிடைக்கலாம். ஆனால் பேத்திகள் இரண்டும் பேரனும் அந்த நிமிடமே இல்லாமல் போவார்கள். சும்மா இருந்துவிட்டால் குடும்பம் இருக்கும். மகள் எங்கே கிடக்கிறாளோ அங்கேயே கிடப்பாள்.

சாலையைக் கடந்துபோய் டெய்லர் கடை வாசலில் உட்கார்ந்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“வேண்டாம் சம்பந்தியம்மா. தண்ணியை இறைச்சா, இருக்கற குடும்பமும் போயிடும்.”

“இறைச்சு, அங்க ஒண்ணும் இல்லேன்னா?”

அந்த ‘இல்லேன்னா’வை அவரால் நம்ப முடியவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

“நாளைக்குக் காலையில எல்லாரையும் கடைக்கு வரச் சொல்லப்போறேன்” என்று எழுந்தாள். “நீங்களும் வாங்க.”

மறுநாள் காலை கடையில் உட்கார டயர் போதவில்லை. தபால்காரர், பஸ் டிரைவர், ரொட்டிக் கடைக்காரர், முட்டை விற்கிற அம்மாள், இன்னும் யார் யாரோ. எல்லோரும் குனிந்த தலை நிமிரவில்லை. ஓரமாக இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தாள். பஞ்சரம்மா யாரையும் பார்க்காமல் ஒரு சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே பேசினாள்.

“என் பொண்ணு எங்கெங்கேயோ தென்பட்டிருக்கா. ஆனா ஒரு தடவையாவது நடந்து போற ஒரு ஆள் கண்ணுல பட்டாளா? பஸ்ல போறவங்க கண்ணுலதானே படறா? நடந்து போனவங்க யாருமே வெளியூர்ல இல்லையா?”

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

“பாதி நாள் எனக்குத் தெரியும், நீங்க ஜோடிச்சுக் கொண்டு வர்றீங்கன்னு. பாதி நாள் தெரியாது. தெரிஞ்ச நாள்லகூட வேண்டாம்னு சொல்ல முடியலை. அவ்வளவு ஆசையா கொண்டு வந்து கொடுத்தீங்க. இப்ப அதையெல்லாம் திருப்பி எடுத்துக்கங்க. மேடம்கிட்ட ஒவ்வொருத்தரா சொல்லுங்க. நான் யாரையும் கோச்சுக்கமாட்டேன்.”

தபால்காரர் எழுந்தார். “நான் பார்க்கலைக்கா” என்று மட்டும் சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஸ் டிரைவர் எழுந்தார். ரொட்டிக் கடைக்காரர், “அந்தப் பையன் விஷயத்துல மட்டும் என்னை மன்னிச்சுடுங்கக்கா” என்றார். அழுதுகொண்டிருந்தவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

முட்டைக்கார அம்மாள் மட்டும் அசையவில்லை. “மத்தவங்க எப்படியோ, நான் நெஜமாவே பார்த்தேன்க்கா.”

“எங்கேடி பார்த்தே?”

“பஸ்ல ஜன்னலோரமா உக்கார்ந்து போறப்ப...”

“ஜன்னலோரம் உக்கார்ந்தா உனக்கு வாந்தி வருமே! எப்பவும் டிரைவருக்குப் பின்னாடி கண்ணை மூடிக்கிட்டுத்தானே வருவே?”

“கண்ணை மூடிக்கிட்டுத்தான்க்கா பார்த்தேன்” என்று சொல்லிவிட்டு அவள் பஞ்சரம்மாவின் கரி படிந்த தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

மிச்சம் டெய்லர். அவர் உள்ளே வராமல் சாலையோரத்திலேயே நின்றிருந்தார்.

“நான் சொல்லமாட்டேன்” என்றார். “நான் பார்க்கலைன்னு சொன்னா, அன்னிக்குத் தேடிக்கிட்டிருந்தவங்களைத் திருப்பி அனுப்பினவன் நான்தான்னு ஆயிடும். என் பிள்ளையைத் தேடாதீங்கன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். அதை வச்சுக்கிட்டு நான் எப்படி இருக்கறது?”

பஞ்சரம்மா டியூபைத் தொட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். முதல் தடவையாக அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்குத் தேடியிருந்தா பிள்ளைங்க உயிரோட கிடைச்சிருக்காது சம்பந்தி. நான் செத்துத்தான் கிடைச்சிருப்பேன். நீங்க வந்து கதவைத் தட்டினதாலதான் இன்னிக்கு இங்க நிக்கறேன். நீங்க செஞ்சது தப்புன்னா, அந்தத் தப்போட பலன் நான்தான். நான் தப்பா?”

டெய்லர் அந்தக் கையை விடவில்லை. “இதைச் சொல்லிட்டா நாம சம்பந்தி இல்லைன்னு ஆயிடும்மா.”

“ஆனா ஆகட்டும். முதல்ல பிள்ளைங்களைக் கூட்டிட்டு வருவோம்.”

அவர் உள்ளே போய் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றார்.

மோட்டார்கள் பல நாட்கள் ஓடின. ஊரே குவாரிக் கரையில் குடியேறிவிட்டது. டீ கொண்டுவருகிறவர்களும், மோட்டார்க்காரருக்கு யோசனை சொல்கிறவர்களும், “அங்க பாரு, அங்க பாரு” என்று ஒவ்வொரு கல்லையும் காட்டுகிறவர்களுமாக. தண்ணீர் கீழே இறங்க இறங்கப் பேச்சும் இறங்கியது. கடைசியில், துருப்பிடித்த ஒரு கைப்பிடி சேற்றுக்கு மேலே தெரிந்தது. இரண்டு பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

அதற்கு மேல் அதை எழுதக் கை வரவில்லை. பஞ்சரம்மா கத்தவில்லை. கரையில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளாலும் தரையைத் தடவிக்கொண்டே இருந்தாள், தூங்குகிற பிள்ளையின் முதுகைத் தடவுவதைப்போல. பக்கத்தில் டெய்லர்.

இன்ஸ்பெக்டர் மேலே சாலையின் வளைவில் நின்று பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். அவர்களுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

“ஊர்ல இருந்து டவுனுக்குப் போறவங்க மலைச்சுவர் பக்கமாத்தான் போவாங்க. டவுன்ல இருந்து ஊருக்கு வர்றவங்கதான் பள்ளத்தை ஒட்டி வருவாங்க. வளைவுல சறுக்கியிருக்கு. அவங்க போகும்போது விழலைம்மா. வரும்போதுதான்.”

முதலில் டெய்லருக்குத்தான் புரிந்தது. “அப்ப... ஓடிப்போகலை?”

“வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருந்தாங்க” என்றாள் இன்ஸ்பெக்டர்.

அப்போதுதான் பஞ்சரம்மா உடைந்தாள். “அடி என் கண்ணு! ஒரு வார்த்தை சொல்லாம ஓடிட்டியேன்னு எத்தனை வருஷம் உன்னைத் திட்டினேன்! அம்மாகிட்டதான் வந்துக்கிட்டிருந்தியா!” அந்தப் பள்ளம் முழுக்க அவள் குரல் போய் மோதித் திரும்பி வந்தது. கரையில் நின்ற ஒருவர் கண்ணும் காயவில்லை. ஆனால் அவளைத் தெரிந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். அழுகைக்கு நடுவே அவள் முகத்தில் ஒரு பெருமை வந்து உட்கார்ந்திருந்தது. மகள் தன்னை விட்டுப் போகவில்லை.

எங்கே போனார்கள், எதற்குப் போனார்கள், அவர்கள் ஒருவருக்கொருவர் யார் என்பதெல்லாம் தெரியவே இல்லை. இனித் தெரியப்போவதும் இல்லை. அதனால்தான், ஊருக்கு வெளியே மயான மேட்டில், குழி வெட்டுகிறவர் கேட்ட கேள்விக்கு யாருக்கும் பதில் தெரியவில்லை.

“ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கிறதா, தனித்தனியாவா?”

ஊர் பஞ்சரம்மாவைப் பார்த்தது. டெய்லர் தரையைப் பார்த்தார். இத்தனை வருடம் ஊர் அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்து, மூன்று பிள்ளைகளும் பெற்றுக்கொடுத்துவிட்டது. இப்போது அது எதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. சேர்த்து வைத்தால் பொய். பிரித்து வைத்தால், ஒருவேளை, அது பெரிய பாவம்.

பஞ்சரம்மா அந்த இடத்தை ஒரு சுற்று நடந்து பார்த்தாள்.

“தனித்தனியா, பக்கத்துப் பக்கத்துல. ஆசைப்பட்டவங்களா இருந்தா பக்கத்துலதானே இருக்காங்க. வழியெல்லாம் சண்டை போட்டுக்கிட்டு வந்திருந்தா, ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கட்டும்.”

டெய்லர் தலையசைத்தார்.

குழி வெட்டுகிறவர் ஒரு குச்சியால் மண்ணில் இரண்டு செவ்வகங்கள் கீறினார். “நடுவுல எவ்வளவு இடம் விடட்டும்மா?”

“ரெண்டு பேரு உக்கார்ற அளவுக்கு விடுங்க. வாரா வாரம் வரணும்ல? மேல ஏறியா உக்கார முடியும்?”

“இது போதுமா பாருங்க.”

பஞ்சரம்மா போய்க் கோடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்தாள். தன் பக்கத்தில் இருந்த இடத்தைத் தட்டினாள். “வாங்க சம்பந்தி, உக்கார்ந்து பாருங்க.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் டெய்லர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். தபால்காரர் அவர் முதுகில் மெதுவாகக் கை வைத்துத் தள்ளினார். அவர் வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க. நெருக்குது.”

“இதுக்கு மேல தள்ளினா நான் என் பையன் இடத்துக்குப் போயிடுவேன் சம்பந்தியம்மா. நீங்கதான் உடம்பைக் கொஞ்சம் குறைக்கணும்.”

“நான் டயர் தூக்கற உடம்பு, நூல் கோக்கற உடம்பா? ஏங்க, இதென்ன கோடு? நல்லாப் போடுங்க!”

குழி வெட்டுகிறவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலால் ஒரு கோட்டை அழித்துவிட்டு, ஓர் அடி தள்ளிப் போட்டார்.